உள்ளியை எப்போது உடைப்பது: நுண்ணோக்கியிலிருந்து தீயல் சட்டி வரை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் செங்கோட்டையில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம், பெரியது பல்லாரி. மலையைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, புனலூர் பக்கம் இறங்கினால் பெரியது சவாளா ஆகிவிடும், சின்னது உள்ளியாகவே இருக்கும். தெலுங்குக்காரர்கள் உல்லிபாய என்பார்கள், கன்னடத்தில் ஈருள்ளி. ஈழத்து நண்பர் யாரிடமாவது உள்ளி கேட்டால் மட்டும் பூண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார், அது வேறு கதை. செங்கோட்டை தாலுகாவில் ஒரு பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பக்கம் சேர்ந்தது, மீதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எல்லைக்கோடு அடுப்பங்கரைக்குள் வரவில்லை. என் மனைவி ஆரியங்காவுக்காரி. அதனால் எங்கள் வீட்டில் புளிக்குழம்பும் உண்டு, தேங்காயை வறுத்தரைத்துப் புளிவிட்டு வைக்கிற தீயலும் உண்டு.

நான் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வெங்காயத் தோல் உரித்துக் கொடுத்து, செல்லைக் காட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே வெங்காயத்தைக் குழம்புக்கு உரிக்கிறவன். பல வருஷம் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் தீயல் வைத்துக் கெடுத்தேன், அதற்குப் பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: வெங்காயத்தின் சுவை அதன் செல்லை நீங்கள் எப்போது உடைக்கிறீர்கள், எதை வைத்து உடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சூடு படுவதற்கு முன்பா பின்பா, கத்தியாலா அம்மியாலா, உப்பாலா எண்ணெயாலா. இது புரிந்துவிட்டால் சமையல் குறிப்புகளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் உள்ளே பார்த்துவிடுவோம்

நாம் சாப்பிடுவது வேர் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். வேர் கிடையாது, இலை. அடியில் வட்டமாக, கெட்டியாக ஒரு தட்டு இருக்கிறதே, நறுக்கும்போது வீசிவிடுவோமே, அதுதான் தண்டு. அதன் கீழே தாடி மாதிரி தொங்குவது வேர். தட்டுக்கு மேலே ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் சதைப்பற்றான அடுக்குகள் எல்லாம் இலைகளின் அடிப்பகுதி. வெளியே இருப்பது காய்ந்து சருகாகிவிட்டது, உள்ளே இருப்பது சேமிப்புக் கிடங்கு.

வீட்டில் பழைய நுண்ணோக்கி இருந்தாலும் சரி, காகிதத்தில் மடித்துச் செய்கிற ஃபோல்ட்ஸ்கோப் இருந்தாலும் சரி, இதைச் செய்து பாருங்கள். பல்லாரி ஒன்றை நாலாக வெட்டுங்கள். நடுவிலிருந்து ஒரு அடுக்கை எடுத்து, உட்குழிந்த பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக மடக்கி ஒடியுங்கள். ஒடிந்த இடத்தில் பால் ஆடை மாதிரி மெல்லிய தோல் ஒன்று தொங்கும். இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிடும். அதை உடனே தண்ணீரில் போடுங்கள், காற்றில் விட்டால் சுருண்டுகொள்ளும். நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஸ்லைடின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரில் மடிப்பு விழாமல் விரித்து, ஒரு சொட்டு அயோடினோ சாஃப்ரனின் சாயமோ விட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். அப்புறம் கவர் ஸ்லிப் என்கிற மெல்லிய கண்ணாடியை ஒரு ஓரத்தில் ஊன்றி, ஊசியால் தாங்கிக்கொண்டு, சாய்வாக இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். கறுப்பு விளிம்போடு அழகான வட்டம் வட்டமாகத் தெரிவது அந்தக் குமிழிதான். ஒவ்வொரு வருஷமும் நாலு பிள்ளைகளாவது அதைத்தான் செல் என்று வரைந்து, பாகங்களும் குறித்து, கையெழுத்து வாங்க வருவார்கள்.

உண்மையான செல் வட்டமாக இருக்காது. செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி, நீளநீளமாக, இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எந்தத் திசையில் நீளம் என்பதைக் கவனியுங்கள், சமையலுக்கு அது வேண்டியிருக்கும்: வேர்ப்பக்கத்திலிருந்து தாள்ப்பக்கம் நோக்கி. கோடு கோடாகத் தெரிவது செல்சுவர், செல்லுலோஸ். இரண்டு செங்கலுக்கு நடுவே சாந்து மாதிரி ஒட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது பெக்டின். ஒவ்வொரு செல்லிலும் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும் சின்னப் புள்ளி உட்கரு. அது ஏன் ஓரத்தில் நிற்கிறது என்றால், செல்லின் நடுவிடம் முழுவதையும் நுண்குமிழ் என்கிற தண்ணீர்ப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது. செல்லின் கூழான சைட்டோபிளாசமும் உட்கருவும் சுவரோரமாகத் தள்ளப்பட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி நிற்கின்றன. பச்சையம் கிடையாது, ஒரே ஒரு அடுக்குச் செல், வெளிச்சம் நேராக ஊடுருவும். பள்ளிக்கூடம்தோறும் வெங்காயத்தையே எடுப்பது இதற்காகத்தான்.

அயோடின் விட்டிருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். உருளைக்கிழங்குச் சீவலில் அதே அயோடின் கருநீலமாகிவிடும், மாவுச்சத்து. வெங்காயத்தில் மஞ்சள் பழுப்பு மட்டும்தான், கருநீலம் வராது. வெங்காயம் தன் சேமிப்பை மாவாக வைப்பதில்லை, சர்க்கரையாகவும் ஃப்ரக்டான் என்கிற சர்க்கரைச் சங்கிலியாகவும் வைக்கிறது. வதக்கினால் இனிப்பதும் அதனால், சிலருக்கு வயிறு உப்புவதும் அந்த ஃப்ரக்டானால்தான்.

கண்ணீர் எங்கிருந்து வருகிறது

முழு வெங்காயத்தை முகர்ந்து பாருங்கள். பெரிதாக ஒரு வாசனையும் இருக்காது. செல்லுக்குள் இரண்டு சரக்கு தனித்தனி அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கந்தகம் உள்ள சேர்மங்கள் சைட்டோபிளாசத்தில், அவற்றை உடைக்கிற அல்லினேஸ் என்ற நொதி நுண்குமிழுக்குள். கத்தி பட்டதும் சுவர் இடிந்து இரண்டும் கலக்கின்றன, அடுத்த சில நொடிகளில் காரமும் நெடியும் பிறக்கின்றன. கண்ணை எரிக்கிற வாயுவை உண்டாக்க இரண்டாவதாக இன்னொரு நொதி தேவைப்படுகிறது. அதை ஜப்பானில் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு அல்லினேஸ் ஒன்றே போதும், மீதி தானாக நடக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2013-ல் அவர்களுக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது, சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பார்களே, அது.

சரி, நமக்கு இதில் என்ன? நொதி என்பது புரதம். குளிரில் மந்தமாகும், சூட்டில் செத்துப்போகும். அதனால்:

உரிக்கும் முன் உள்ளியை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் கண் எரிச்சல் நன்றாகவே குறையும். கத்தியைத் தீட்டுங்கள், மொண்ணைக் கத்தி நறுக்குவதற்குப் பதில் நசுக்குகிறது, நசுங்கினால் உடைகிற செல்லும் அதிகம், தெறிக்கிற சாறும் அதிகம். அருவாமணைக்கும் இதே கதைதான், அதை யாரும் தீட்டுவதே இல்லை. மின்விசிறியைத் தலைக்கு மேல் சுழலவிடாமல், பக்கவாட்டில் வைத்து வாயு முகத்துக்கு வராமல் தள்ளிவிடுங்கள். வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொள்வது, தலையில் வெங்காயச் சருகு வைத்துக்கொள்வது இதெல்லாம் எனக்குப் பலித்ததில்லை. நீச்சல் கண்ணாடி பலிக்கும், ஆனால் வீட்டில் சிரிப்பார்கள்.

சின்ன உள்ளி உரிப்பது பெரிய வேலை என்பவர்கள் பத்து நிமிஷம் வெந்நீரில் போட்டு வையுங்கள், இளஞ்சூடு போதும். சருகு ஊறித் தளர்ந்துவிடும், இரண்டு முனையையும் கிள்ளினால் தோல் சட்டை மாதிரி கழன்று வரும்.

முழுசாகப் போட்டால் இனிப்பு, அரைத்துப் போட்டால் காரம்

இதுதான் முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள். சாம்பாரில் உள்ளியை முழுசாகப் போடுகிறோம். சூடு உள்ளே போகும்போது அறைகள் உடைவதற்கு முன்பே நொதி வெந்து செயலிழந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செல் உடைந்தாலும் சண்டை போட ஆள் இல்லை. கந்தகச் சேர்மம் உடையாமல் கிடக்கும், சர்க்கரை மட்டும் நாக்குக்குத் தெரியும். சாம்பாரில் கடிக்கிற உள்ளி தேன் மாதிரி இருப்பது இதனால்தான். அதே உள்ளியைப் பச்சையாக மிக்ஸியில் அடித்து ஊற்றினால் ஒரு செல் பாக்கியில்லாமல் உடைந்து, எல்லா நொதியும் எல்லாக் கந்தகத்தோடும் கலந்து, குழம்பில் ஒரு காட்டு நெடியும் லேசான கசப்பும் வரும். அப்புறம் எவ்வளவு வதக்கினாலும் அது முழுசாகப் போகாது. குருமாவுக்கு வெங்காயம் அரைக்க வேண்டுமானால் முதலில் வதக்குங்கள் அல்லது வெந்நீரில் ஐந்து நிமிஷம் வேகவிடுங்கள், ஆறியதும் அரையுங்கள். நான் ஊரில் பலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், பாதிப் பேர் செய்வதில்லை, குருமா கசக்கிறது என்று மசாலாப் பொடியைக் குறை சொல்கிறார்கள்.

நறுக்குகிற திசையும் இதே கணக்குதான். செல் நீளவாக்கில் படுத்திருக்கிறது, நார்க்குழாய்களும் அதே திசையில் ஓடுகின்றன. வேரிலிருந்து தாளை நோக்கி நீளவாக்கில் சீவினால் செங்கல்லுக்கு நடுவே புகுந்து போகிற மாதிரி, குறைவான செல்கள் உடையும். துண்டு சட்டியிலும் கட்டுக்கோப்பாக நிற்கும். குறுக்கே வளையம் வளையமாக வெட்டினால் அதிகச் செல் திறந்துகொள்ளும், நெடியும் கூடுதல், வதங்கும்போது சீக்கிரம் குழையும். துண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டிய உள்ளி வடை, பொரியல், முட்டை ரோஸ்ட் எல்லாவற்றுக்கும் நீளவாக்கு. கரைந்து குழம்போடு போக வேண்டுமானால் பொடியாகவோ குறுக்காகவோ. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவோடு வைக்கிற பச்சை வெங்காயம் வளையமாகத்தான் இருக்கும், அங்கே காரம் வேண்டும். உங்களுக்குக் காரம் வேண்டாம் என்றால் நறுக்கிய பிறகு ஐஸ் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு வடித்துவிடுங்கள். வெட்டுப்பட்ட ஓரத்துச் சாறு கழுவிப் போய்விடும், உள்ளே உடையாத செல்கள் தண்ணீரை உறிஞ்சி விறைத்து மொறுமொறுவென்று ஆகும்.

பழைய சோற்றோடு உள்ளியைக் கடித்திருப்பீர்கள். கடித்த நொடி இனிப்பாக, சாறாக இருக்கும், ஒன்றிரண்டு விநாடி கழித்துத்தான் மூக்கில் ஏறும். அந்த இடைவெளி என்ன என்று இப்போது தெரிந்திருக்கும்: உங்கள் பல்தான் சுவரை இடித்தது, கலவை உங்கள் வாய்க்குள்ளேயே நடந்தது.

உப்பு என்கிற கத்தி

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை உண்டு. பல்லாரியின் ஊதா நிற வெளித்தோலை எடுத்து ஸ்லைடில் வைத்து, உப்புத் தண்ணீரை ஒரு ஓரத்தில் சொட்டி, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுப்போம். அந்த ஊதா நிறம் நுண்குமிழில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. உப்பு போய்ச் சேர்ந்ததும் கண் முன்னாலேயே ஊதா சுவரை விட்டு விலகி, சுருங்கி, நடுவில் ஒரு சிறு உருண்டையாக நின்றுவிடும். தண்ணீரில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. செல்சுவர் மட்டும் காலி அறையாக அப்படியே நிற்கும். திரும்ப நல்ல தண்ணீர் விட்டால், தாமதிக்காமல் விட்டால், ஊதா விரிந்து அறையை நிரப்பிவிடும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பிளாஸ்மா சிதைவு என்று பெயர்.

ஆரியங்காவு டீக்கடைகளில் உள்ளி வடை போடுகிறவர் இதைத்தான் தினம் செய்கிறார். சவாளாவை நீளவாக்கில் மெலிதாகச் சீவி, உப்பு, நறுக்கிய பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை போட்டு உள்ளங்கையால் நன்றாகப் பிசறி, மூடி, பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிடுவார். திறந்தால் அடியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரிலேயே கடலை மாவு, கொஞ்சம் அரிசி மாவு, மிளகாய்த்தூள் தூவிப் பிசைய வேண்டும், குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. மாவு வெங்காயத்தைப் பூசினாற்போல் இருந்தால் போதும், உருண்டை பிடிக்க வந்துவிட்டால் மாவு அதிகம். பொரிக்கும்போது வெங்காயத்திலிருந்து புதிதாக வெளியேறத் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், அதனால் வடை மொறுமொறுவென்று நிற்கும். முதலிலேயே தண்ணீர் ஊற்றி மாவு கரைத்து வெங்காயத்தைப் போட்டால் என்ன ஆகும்? மாவுத் தண்ணீரும் வெங்காயத் தண்ணீரும் சேர்ந்து, எண்ணெயிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிஷம் வடை துணி மாதிரி தொங்கும்.

பச்சடி ஊற்றலாகிப் போவதும் இதே காரணம். தயிர்ப் பச்சடிக்கு உப்பைக் கடைசியாக, பரிமாறுகிற நேரத்தில் போடுங்கள்.

பொன்னிறம் என்ற பொய்

சமையல் குறிப்பு எழுதுகிற எல்லோரும் "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும், ஐந்து நிமிடம்" என்று எழுதுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் ஆகாது. வெங்காயத்தில் நூற்றுக்கு 89 பங்கு தண்ணீர். ஒரு கிலோ நறுக்கினால் ஏறக்குறைய 890 கிராம் தண்ணீரைச் சட்டியில் கொட்டியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் இருக்கிற வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூட்டில் நிறம் மாறுகிற வேலை ஒழுங்காக ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

சட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். போட்டவுடன் வெள்ளையாக, ஒளி புகாமல் இருக்கும், தோலுக்கு அடியில் சதைப்பகுதிச் செல்களுக்கு நடுவில் இருக்கும் காற்று அதற்குக் காரணம். சூடு 60 டிகிரி வாக்கில் செல்சவ்வு கிழிய, உள்ளிருக்கும் தண்ணீர் கசிந்து அந்தக் காற்று இருந்த இடத்தை நிரப்பும், வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும். எண்ணெயில் நனைந்த காகிதம் போலத்தான். அடுத்து சலசலவென்று தண்ணீர்ச் சத்தம். பிறகு சத்தம் மெலிந்து, சன்னமாக, எண்ணெய்ச் சத்தமாக மாறும். என் மனைவி அடுப்பைத் திரும்பிப் பார்க்காமலே இந்தச் சத்தத்தை வைத்து "தண்ணி வற்றிட்டு, தீயைக் குறைங்க" என்பாள். அந்த இடத்திலிருந்துதான் நிறம் ஏறும், வேகமாக ஏறும், அதுவரை பதினைந்து நிமிஷம் சும்மா இருந்தவர் இந்த இரண்டு நிமிஷத்தில் ஃபோனை எடுத்தால் கருகிவிடும்.

சீக்கிரம் வதங்க வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே உப்பு போடுங்கள், தண்ணீர் விரைவாக வெளியே வந்துவிடும். பிரியாணிக்கு மொறுமொறு வெங்காயம் பொரிப்பதானால் ஒரே கனத்தில் மெலிதாகச் சீவி, நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்பாகவே வடித்துவிட வேண்டும், வெளியே வந்த பிறகும் சூடு நிறத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் விரைவாகச் சிவக்கும் என்பது உண்மைதான், ஆனால் சோடாவின் காரத்தன்மை பெக்டின் சாந்தைக் கரைத்து வெங்காயத்தைக் களியாக்கிவிடும். ஊதா வெங்காயமாக இருந்தால் நிறமும் பச்சை நீலமாக ஓடும். எனக்குப் பிடிக்காது. அறுவடை முடிந்து உடனே வருகிற பச்சை வெங்காயத்தில் தண்ணீர் இன்னும் அதிகம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து ஈர வெங்காயம் வருகிற சமயத்தில் வதக்க நேரம் கூட ஆகும், அடுப்பைக் குறை சொல்லாதீர்கள்.

நான் கெடுத்த தீயல்

மனைவி ஊருக்குப் போயிருந்த நாள். தீயலில் என்ன பெரிய வித்தை என்று நினைத்து, உள்ளியை லேசாக எண்ணெயில் பிரட்டிவிட்டுப் புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தேன். இருபது நிமிஷம் கொதித்தது, உள்ளி கடுக்கென்று இருந்தது. இன்னும் இருபது நிமிஷம். குழம்பு வற்றியது, நான் தண்ணீர் ஊற்றினேன், உள்ளி அப்படியேதான் இருந்தது. மாமியாருக்கு ஃபோன் போட்டேன். "மருமகனே, புளி கண்டா உள்ளி வேகாது, அது வெந்த பொறவுதான் புளி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பிறகு யோசித்தால் விஷயம் பிடிபட்டது. வெங்காயம் வெந்து குழைவது என்றால் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைவது. புளிப்பில் பெக்டின் எளிதில் கரையாது. புளி, தக்காளி, தயிர் எதுவானாலும் சரி, அது உள்ளே வந்ததும் வெங்காயம் அந்தப் பதத்திலேயே ஏறக்குறைய நின்றுவிடும். தக்காளித் தொக்கில் வெங்காயம் நறநறவென்று மாட்டுகிறதென்றால் தக்காளியை அவசரப்பட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது நான் வைக்கிற முறை. கால் கிலோ உள்ளியை உரித்து, பெரியதை மட்டும் இரண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். அரை மூடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேங்காய் துருவி, சீனிச்சட்டியில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, சிறுதீயில் வறுக்க ஆரம்பியுங்கள். கூடவே மூன்று உள்ளியைச் சீவிப் போடுங்கள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அரை ஸ்பூன் மிளகு. தேங்காய் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, செம்பழுப்பாகி, காப்பிக்கொட்டை நிறத்துக்குப் பக்கத்தில் வரும்வரை கையை எடுக்காமல் கிளற வேண்டும், இருபது நிமிஷம் பிடிக்கும். நிறம் முக்கால்வாசி வந்ததும் ஆறு மிளகாய் வற்றல், இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, கால் ஸ்பூன் வெந்தயம். வெந்தயத்தை முதலில் போட்டால் கருகிக் கசந்துவிடும். இறக்கி ஆறியதும் தண்ணீர் இல்லாமல் அரையுங்கள். முதலில் பொடியாகும், விடாமல் அரைத்தால் தேங்காய் தன் எண்ணெயை விட்டு விழுதாகிவிடும். எண்ணெய் மினுங்கினால் சரியான பதம்.

அதே சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் உள்ளியைப் போட்டு ஓரங்களில் நிறம் பிடிக்கும்வரை வதக்குங்கள். அரை டம்ளர் தண்ணீர், மஞ்சள் தூள், உப்பு, மூடி போட்டு வேகவிடுங்கள். ஒரு உள்ளியை எடுத்துக் கரண்டியின் முதுகால் அழுத்திப் பாருங்கள், நசுங்க வேண்டும். நசுங்கிய பிறகு, அதற்கு ஒரு நிமிஷம் முன்புகூட வேண்டாம், எலுமிச்சை அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பச்சை வாசனை போனதும் விழுதைக் கரைத்துவிட்டு, சிறுதீயில் எண்ணெய் மேலே மிதக்கும்வரை விடுங்கள். ஒரு சிறு துண்டு வெல்லம் போடுகிறவர்கள் உண்டு, உள்ளி நன்றாக வெந்திருந்தால் தேவைப்படாது. புளிப்பு இங்கே ஒரு நல்லதும் செய்கிறது: வெந்த பதத்தில் உள்ளியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது, மறுநாள் சூடு பண்ணினாலும் கரைந்து போகாது.

இதற்கு நேர் எதிர் உள்ளிச் சம்மந்தி என்கிற துவையல். இங்கே சூடே கிடையாது, செல் பச்சையாகவே உடைய வேண்டும். ஐந்தாறு வற்றலைச் சுட்டு, கல்லுப்போடு அம்மியில் வைத்துப் பொடித்து, பதினைந்து உள்ளியைப் போட்டு நைத்து, ஒன்றிரண்டாக இருக்கும்போதே வழித்து, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பிசற வேண்டும். அவித்த மரச்சீனிக் கிழங்கோடு சூடாக. உப்பின் கல் முனையும் அம்மியும் சேர்ந்து செல்லைக் கிழிக்கிற விதம் மிக்ஸிக்கு வராது, மிக்ஸி அதைத் தண்ணீராக்கிவிடும். அரைத்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள். நைத்த பிறகும் கந்தகச் சமாச்சாரம் நடந்துகொண்டேதான் இருக்கும், ஒரு மணி நேரம் போனால் வாசனை வேறாகிவிடும்.

வைத்துக்கொள்வது

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் எங்கள் பக்கம் வெங்காயம் வைப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், செல் மூச்சுவிடும், அந்த ஈரம் அங்கேயே நின்று அழுகும். காற்றோட்டமான கூடை, இருட்டு மூலை, உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வேண்டாம். தோட்டக்காரர்கள் வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போடுவதும் இதே காற்றோட்டத்துக்காகத்தான். சருகுக்கு அடியில் கரித்தூள் மாதிரி கறுப்பு தெரிந்தால் அது பூஞ்சை, அந்த அடுக்கை உரித்தெறிந்து கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள், உள்ளே வரை போயிருந்தால் குப்பைக்குத்தான்.

முளைத்துவிட்டதா, தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருந்த சர்க்கரையை முளை எடுத்துக்கொண்டிருக்கும், அதனால் சுவை மட்டம், ஆனால் சாப்பிடலாம். போன ஆடியில் எங்கள் வீட்டுக் கூடையில் நாலு பல்லாரி முளைத்துவிட்டது. மகளுக்குச் செல் பகுப்புச் செய்முறை வந்த நேரம், வாயகன்ற பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி உட்கார வைத்தோம். மூன்றாம் நாள் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கியது. காலையிலேயே நுனியை வெட்டி நான் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்ச் சாயமேற்றி நசுக்கிக் காட்டினேன். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம், அவள் ஒரு செல்லில் 14 வரை எண்ணிவிட்டு மீதி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது என்று சாதித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பாட்டிலில் இருந்த வெங்காயத்தின் பச்சைத் தாளை எல்லாம் அவள் அம்மா கிள்ளி ஆம்லெட்டில் போட்டிருந்தாள்.